நான்கு இருக்கை, எத்தனை கிலோ?

ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் அலிசேரில் தாமராக்ஷன் பிரிட்டனில் வேலை பார்க்கும் மெக்கானிக்கல் இன்ஜினீயர். கேரளத்தின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஏ.வி. தாமராக்ஷனின் மகன். 2018-இல் பைலட் லைசென்ஸ் வாங்கினார். இரண்டு இருக்கை விமானங்களை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என்று குடும்பம் நால்வரானது. இரண்டு இருக்கை விமானத்தில் யாரை ஏற்றுவது, யாரை வீட்டில் விட்டுப் போவது? நான்கு இருக்கை விமானங்கள் வாடகைக்குக் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் பழையவை. கடைசியில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கும் ஸ்லிங் நிறுவனத்தின் தொழிற்சாலைக்கே போய்ப் பார்த்துவிட்டு, ‘ஸ்லிங் டிஎஸ்ஐ’ என்ற நான்கு இருக்கை விமானத்தை உதிரிபாகங்களாக வரவழைத்தார். கொரோனா ஊரடங்கில் வீட்டோடு அடைந்து கிடந்த காலத்தில் அதைத் தன் கையாலேயே பூட்டி முடித்தார். பதினெட்டு மாத வேலை. செலவு 1,40,000 பவுண்டு அளவில் என்று செய்திகள் கூறின. விமானத்துக்கு இளைய மகளின் பெயர். 2022-இல் அந்த விமானத்தில் ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் குடியரசு என்று குடும்பத்தோடு சுற்றி வந்தார்.

அந்த ஆண்டு ஜூலையில் இந்தச் செய்தி கேரளமெங்கும் பேசப்பட்டது. ‘வீட்டிலேயே விமானம் செய்த மலையாளி’ என்று கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவர் செய்த தேர்வு அந்த ஆரவாரத்தில் அமுங்கிப் போனது. குடும்பம் பெருகும்போது எந்த விமானத்துக்கு மாறுவது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு அதே கேள்வியைக் கேட்டால் விடை எப்படி மாறும் என்று பார்ப்பதும் பயனுள்ளது.

எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் மிச்சமிருக்கும் என்று புஷ்பக விமானத்தைப் பற்றிச் சொல்வார்கள். ‘புஷ்பக்’ என்ற பெயரிலேயே பெங்களூரு எச்.ஏ.எல். 1950-களின் இறுதியில் ஒரு பயிற்சி விமானம் செய்தது. இந்தியாவின் ஃப்ளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையே அதில்தான் பறக்கக் கற்றது. அதில் இருந்தவை இரண்டே இருக்கைகள். நிஜ விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. குடும்பத்தோடு பறக்க நினைப்பவர் முதலில் பழக வேண்டியது இந்தக் கணக்குக்குத்தான்.

தராசில் ஏறும் குடும்பம்

திருவனந்தபுரம் கரமனையில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா 82 கிலோ, அம்மா 64. பையன் 36, பெண் 24. நான்கு நாளைக்கான பெட்டிகள், நேந்திரங்காய் சிப்ஸ், சென்னையில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஒரு பலாப்பழம் எல்லாம் சேர்த்து 40 கிலோ. மொத்தம் 246.

இவர்கள் பார்ப்பது செஸ்னா 172. உலகிலேயே அதிக எண்ணிக்கையில் செய்யப்பட்ட விமானம் அதுதான். நம்மூர் பயிற்சிப் பள்ளிகளிலும் அதுதான் நிற்கிறது. நான்கு இருக்கை. இன்றைய 172எஸ் வகை, எல்லாம் ஏற்றிய பிறகு 1,157 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. வெறும் விமானத்தின் எடையைக் கழித்தால் ஏறக்குறைய 400 கிலோ மிஞ்சும். அதிலிருந்துதான் எரிபொருளுக்கும் கொடுக்க வேண்டும். டாங்க் நிறைய ஊற்றினால் 200 லிட்டர், லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 144 கிலோ. ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் மிஞ்சுவது 256. நம் கரமனைக் குடும்பம் பத்து கிலோ இடைவெளியில் தப்பித்துவிட்டது.

மூன்று வருஷம் போகட்டும். பையன் 52, பெண் 38. அம்மாவுக்கு இரண்டு கிலோ கூடியிருக்கிறது. அப்பா அப்படியே. அதே பெட்டிகள். மொத்தம் 278. அதே விமானம், அதே நான்கு இருக்கை, ஆனால் 22 கிலோ அதிகம். எரிபொருளில் முப்பது லிட்டரைக் குறைத்தால் சரியாகிவிடும். இந்த விமானம் குடிப்பது மணிக்கு 32 லிட்டர் அளவில் என்பதால், பறக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். திருவனந்தபுரத்திலிருந்து சென்னை வான்வழியில் சுமார் 610 கிலோமீட்டர், இந்த விமானத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரப் பயணம். ஆகவே சென்னைக்குப் போய்விடலாம். சென்னையில் மழை பிடித்துக்கொண்டு வேறு விமான நிலையத்துக்குத் திருப்பிவிடும் நாளில்தான், ஊற்றாமல் விட்ட முப்பது லிட்டர் நினைவுக்கு வரும்.

“பாட்டி எங்கப்பா உக்காருவாங்க?” என்று அந்தப் பெண் கேட்டால் இந்த விமானத்தில் பதில் இல்லை.

விற்பனைத் தாளில் ‘நான்கு இருக்கை’ என்று போட்டிருந்தால் நான்கு பெரியவர்கள், முழு டாங்க், முழுப் பெட்டிகள் மூன்றும் ஒன்றாகப் போகும் என்று அர்த்தமல்ல. சிறிய விமானங்களில் பெரும்பாலானவற்றில் இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். வாங்குகிறவர் இருக்கையை எண்ணக்கூடாது. டாங்க் நிறைந்த பிறகு மிஞ்சும் கிலோவைக் கேட்க வேண்டும். பிள்ளைகளின் இன்றைய எடையைப் போடாமல் ஐந்து வருஷம் கழித்து வரப்போகும் எடையைப் போட்டுக் கேட்க வேண்டும்.

அசோக் தேர்ந்தெடுத்த விமானத்தை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். ஸ்லிங் டிஎஸ்ஐயின் உச்ச எடை 950 கிலோதான். செஸ்னாவைவிட 200 கிலோ குறைவு. இன்ஜினும் சிறியது. 141 குதிரைத்திறன் கொண்ட ரோட்டாக்ஸ் 915. செஸ்னாவில் இருப்பது 180. ஆனாலும் உடல் அலுமினியத் தகட்டில் அவ்வளவு லேசாகச் செய்யப்பட்டிருப்பதால் ஏற்றக்கூடிய சுமை 450 கிலோவை ஒட்டி வருகிறது. டாங்க் நிறைத்த பிறகும் 320 கிலோ மிஞ்சும். மூன்று வருஷம் கழித்த கரமனைக் குடும்பம் முழு எரிபொருளோடு ஏறலாம், நாற்பது கிலோ கையிருப்பும் இருக்கும். வேகமும் அதிகம், மணிக்கு 265 கிலோமீட்டருக்குக் குறையாது. குடிப்பது முப்பது லிட்டர். ‘பெரிய’ விமானம் வேண்டுமென்று போனவர் எடை குறைந்த விமானத்தோடு திரும்பியதில் இருக்கிறது அவருடைய கெட்டிக்காரத்தனம்.

சங்குமுகத்தில் இறங்கிய ஃபாக்ஸ் மாத்

இந்தக் கெட்டிக்காரத்தனத்தைத் திருவனந்தபுரம் தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே பார்த்துவிட்டது.

திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மருமகனான கர்னல் கோதவர்ம ராஜாவுக்குப் பறப்பதில் தீராத பிரியம். இன்றைய விமான நிலையத்தின் கதை 1932-இல், அவருடைய முயற்சியில் உருவான ஃப்ளையிங் கிளப்பிலிருந்து தொடங்குகிறது. 1935 அக்டோபர் 29 அன்று டாட்டா நிறுவனத்தின் விமானம் அங்கே வந்து இறங்கியது. ஓட்டியவர் நெவில் வின்சென்ட். மகாராஜாவின் பிறந்தநாளுக்கு வைஸ்ராய் அனுப்பிய வாழ்த்து அதில் வந்தது. நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் அஞ்சல் இங்கிருந்து பம்பாய்க்குப் பறந்தது.

வந்த விமானம் டி ஹாவிலண்ட் ஃபாக்ஸ் மாத். அதற்கு முன்பே அந்த நிறுவனத்திடம் டைகர் மாத் என்ற பயிற்சி விமானம் இருந்தது. ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் திறந்த வெளியில் உட்காருவது. அதே இறக்கை, அதே வால், அதே மாதிரி இன்ஜின் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, நடு உடலை மட்டும் புதிதாகச் செய்தார்கள். முன்னால் மூன்று, நான்கு பேர் மழை படாமல் உட்கார ஒரு மூடிய அறை. அதற்குப் பின்னால், மேலே, காற்றில் முகம் நீட்டியபடி பைலட். அவ்வளவுதான். இரண்டு பேர் விமானம் ஐந்து பேர் விமானமானது. இன்ஜின் 130 குதிரைத்திறன். அசோக்கின் ரோட்டாக்ஸைவிடப் பதினொன்று குறைவு.

பெரிய இன்ஜின் வைத்தால் அதற்கு அதிக எரிபொருள் வேண்டும். எரிபொருளைத் தூக்க வலுவான இறக்கை வேண்டும். இறக்கையைத் தாங்க கனமான உடல் வேண்டும். கடைசியில் ஏறும் ஆட்கள் அதே நால்வர்தான். ஃபாக்ஸ் மாத்தைச் செய்தவர்கள் இந்தச் சுழலுக்குள் போகவே இல்லை.

கோதவர்ம ராஜா 1971 ஏப்ரல் 30 அன்று குல்லு பள்ளத்தாக்கில் நடந்த விமான விபத்தில் இறந்தார். அவருடைய பிறந்தநாளான அக்டோபர் 13-ஐக் கேரளம் விளையாட்டு தினமாகக் கொண்டாடுகிறது. விமான நிலையத்தை உண்டாக்கியவர் என்ற நினைவு இன்னும் அழுத்தமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆறு இருக்கை ஆசை

பாட்டிக்கும் இடம் வேண்டும் என்றால் ஆறு இருக்கைக்குப் போக வேண்டும். 1965-இல் வந்த பைப்பர் செரோகி சிக்ஸ் இந்த வரிசையில் ஒன்று. 300 குதிரைத்திறன் வகையில் டாங்க் நிறைத்த பிறகும் 450 கிலோவுக்கு மேல் ஏற்றலாம். பின்பக்கக் கதவு அகலம். இன்ஜினுக்கும் அறைக்கும் நடுவே, மூக்குப் பகுதியில் பெட்டி வைக்க ஓர் இடம் உண்டு. இந்த மூக்குப் பெட்டி ஏதோ வசதிக்காக வைத்ததல்ல. விமானத்துக்கு மொத்த எடை எவ்வளவு முக்கியமோ, அந்த எடை எங்கே உட்காருகிறது என்பதும் அவ்வளவு முக்கியம். பின்னால் கனம் கூடினால் மூக்கு தானாக மேலே தூக்கும். ஓர் எல்லைக்கு மேல் பைலட்டால் அதை இறக்க முடியாது. பீச்கிராஃப்ட் பொனான்சா மிக அழகான ஆறு இருக்கை விமானம். ஆனால் அதில் எரிபொருள் இருப்பது இறக்கையின் முன்பகுதியில். பறக்கப் பறக்க முன் கனம் குறைந்து, எடையின் மையம் பின்னோக்கி நகரும். கிளம்பும்போது சரியாக இருந்த கணக்கு இறங்கும்போது தவறாகலாம். இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.

2001 ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸில் பாடகி ஆலியா இறந்தது இந்தக் கணக்கில்தான். செஸ்னா 402 விமானம். பைலட்டோடு ஒன்பது பேர். படப்பிடிப்பு முடிந்து சாமான்களோடு ஏறினார்கள். அனுமதித்ததைவிட 300 கிலோவுக்கு மேல் அதிகம், மையமும் பின்னால் தள்ளியிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. கிளம்பிய சில நொடிகளில் விழுந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை. வீட்டு விசேஷத்துக்குப் போகும் அவசரத்தில், “ஒரு பைதானே, ஏத்திக்கலாம்” என்று யாராவது சொல்வார்கள். அந்த நேரத்தில் சொந்த மாமனாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரிந்தவர் மட்டுமே குடும்பத்துக்குப் பெரிய விமானம் வாங்கலாம். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன்.

இன்னொரு மரணமும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். ஜான் எஃப். கென்னடியின் மகன் ஓட்டிக்கொண்டிருந்தது செஸ்னா 182. அதிலிருந்து, செரோகி சிக்ஸின் வாரிசான ஆறு இருக்கை சரட்டோகாவுக்கு 1999 ஏப்ரலில் மாறினார். அதிக வேகம், உள்ளே மடியும் சக்கரங்கள், அதிக வேலை. ஜூலை 16 இரவு, மூட்டமான வானத்தில், கடல்மேல், எது மேல் எது கீழ் என்ற உணர்வு தப்பி விழுந்தார். மனைவியும் மனைவியின் சகோதரியும் உடன் இறந்தார்கள். விமானத்தில் கோளாறு எதுவும் காணப்படவில்லை. திருவனந்தபுரம் ஓடுபாதை கடலுக்கு மிக அருகில். மழைக்கால இரவில் மேற்கே திரும்பினால் அடிவானம் என்று ஒன்று தெரியவே தெரியாது. பெரிய விமானத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சிக்கு அதே பையிலிருந்து முதலில் எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டு இன்ஜின் இருந்தால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். சிறிய விமானத்தில் ஓர் இன்ஜின் நின்றால் சக்தியில் பாதி போகும். மேலே ஏறும் திறனிலோ ஐந்தில் நான்கு பங்கு போய்விடும். ஒரு பக்கம் இழுக்கும் விமானத்தை நேராக வைத்திருக்க அடிக்கடி பழக வேண்டும். மாதம் ஒருமுறை ஓட்டுகிறவருக்கு அந்தப் பழக்கம் வராது.

நம் ஊரில் வாங்கினால்

திருவனந்தபுரம் ஓடுபாதை ஏறக்குறைய 3,400 மீட்டர். சிறிய விமானத்துக்கு அதில் நான்கில் ஒரு பங்கே தாராளம். வருடத்தில் இரண்டு நாள், பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் யானையோடும் வாளேந்திய அரச குடும்பத் தலைவரோடும் இந்த ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடலுக்குப் போகும். அன்று சில மணி நேரம் எந்த விமானமும் கிடையாது. நீளத்தைப் பற்றிய கவலை வேறு ஊர்களில்தான். வண்டிப்பெரியாறு பக்கம் சத்திரத்தில் என்.சி.சி.க்காகப் போட்ட மலை ஓடுபாதை 650 மீட்டர். 2022 டிசம்பரில் அங்கே முதலில் இறங்கியது இரண்டு பேர் உட்காரும் வைரஸ் விமானம். முழுக் குடும்பத்தோடு அங்கே இறங்கித் திரும்ப ஏறுவது வேறு விஷயம்.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதப் பகலில் 33 டிகிரி இருந்தால், கடல் மட்டத்தில் நிற்கும் விமானம் 2,000 அடி உயரத்தில் நிற்பதைப் போல மெலிந்த காற்றைத்தான் உணரும். விற்பனைத் தாளில் உள்ள எண்கள் 15 டிகிரிக்கானவை. கிழக்கே போக வேண்டுமானால் மலை. அகத்தியர்கூடம் 1,868 மீட்டர். அதைத் தாண்டாமல் நாகர்கோவில் பக்கமாக ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே போகலாம். ஆனால் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை எதற்காக நட்டார்கள் என்பது ஜூலையில் சிறிய விமானத்தில் போகிறவருக்கு நன்றாகப் புரியும்.

எரிபொருள் இதைவிடப் பெரிய தலைவலி. செஸ்னாவும் பைப்பரும் குடிப்பது ஏவ்காஸ் 100எல்எல். ஜெட் எரிபொருளைப் போல எல்லா விமான நிலையத்திலும் கிடைக்காது. 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் தன் வடோதரா ஆலையில் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. அதுவரை எல்லாம் இறக்குமதி. ரோட்டாக்ஸ் இன்ஜின் சாதாரண பெட்ரோலிலும் ஓடும் என்பது ஐரோப்பாவில் பெரிய வசதி. நம் பங்க்குகளில் கிடைப்பதோ 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ரோட்டாக்ஸ் அனுமதிப்பது 10 சதவீதம் வரைதான். பிரிட்டனில் சரியாக இருந்த தேர்வு திருவனந்தபுரத்தில் தடுமாறும் இடம் இது. ஆஸ்திரியாவின் டயமண்ட் டிஏ62 போன்றவை டீசல் வகை இன்ஜினில் ஜெட் எரிபொருளையே குடிக்கும். ஏழு பேர் வரை உட்காரலாம். இங்கே எரிபொருளுக்கு அலைய வேண்டாம். விலை பத்து லட்சம் டாலருக்கு மேல்.

பழுது பார்ப்பதையும் யோசிக்க வேண்டும். 2025 ஜூன் 14 அன்று பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35 போர் விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கியது. ஹைட்ராலிக் கோளாறில் ஐந்து வாரம் நகரவில்லை. பிரிட்டனிலிருந்து நிபுணர்கள் வந்து, ஏர் இந்தியாவின் ஹேங்கருக்குள் தள்ளிச் சென்று சரிசெய்த பிறகு ஜூலை 22 அன்று கிளம்பியது. ஓர் அரசாங்கத்துக்கே அந்த நிலை. நம் ஊர் மெக்கானிக்குக்குக் கை பழகிய விமானமாக இருந்தால், ஒரு வால்வுக்காக இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியிருக்காது. இங்கே ராஜீவ்காந்தி விமானத் தொழில்நுட்ப அகாடமியில் செஸ்னாக்கள் இருப்பது அந்த வகையில் ஒரு நல்ல குறிப்பு.

வரி வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் சொந்த உபயோக விமானத்துக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அசோக்கைப் போலத் தானே செய்துகொள்ளலாமே என்றால், மும்பையின் அமோல் யாதவ் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். பைலட்டான அவர் காந்திவலியில் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் செய்தார். 2016-இல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் வைத்தார். பதிவு கிடைத்தது 2017-இல். பறந்து பார்க்க அனுமதி 2019-இல். பிரிட்டனில் வீட்டில் விமானம் செய்கிறவர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. அதன் பரிசோதகர்கள் கட்டத்துக்குக் கட்டம் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். பதினெட்டு மாதத்தில் அசோக் முடித்ததில் அந்த ஏற்பாட்டுக்குப் பாதிப் பங்கு உண்டு. நம்மிடம் திறமையான கைகள் இருக்கின்றன. அந்த ஏற்பாடு இல்லை. இந்த வித்தியாசம் எனக்கு வருத்தமளிக்கிறது.

திருவனந்தபுரத்துக் குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான். பெரும்பாலான நாட்களில் எந்த ஊருக்குப் போவீர்கள் என்று முதலில் எழுதுங்கள். தூத்துக்குடி 125 கிலோமீட்டர், மதுரை 200, கோயம்புத்தூர் 280. இவைதான் என்றால் நல்ல நான்கு இருக்கை போதும். அத்தனை பேரையும் தராசில் நிறுத்தி, பெட்டிகளையும் வைத்து, பிள்ளைகளுக்கு ஐந்து வருஷ வளர்ச்சியைக் கூட்டி, அந்த எடையோடு மே மாதப் பிற்பகலில் பயிற்சியாளர் ஒருவரை உடன் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஆள் இல்லாத இடத்துக்கு மணல் மூட்டை வைத்துக்கொள்ளலாம். காலை ஏழு மணிக்கு, விற்பனையாளரும் நீங்களும் மட்டும் ஏறிப் பறக்கும் சோதனையில் ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு ஆறு இருக்கையில் நான்கு காலியாக, எரிபொருள் மட்டும் மணிக்கு அறுபது லிட்டர் போகும். வருடத்துக்கு இரண்டு முறை வரும் பாட்டிக்காகப் பெரிய விமானம் வாங்க வேண்டியதில்லை. அந்த இரண்டு முறையும் எல்லோரும் சென்னைக்குப் பயணிகள் விமானத்திலேயே போகலாம், தினமும் இருக்கிறது.